இரும்பு களைத்த வரலாறு

2022ஆம் ஆண்டு ஆடி மாதம் பதினோராம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு, பரந்தன் சந்தி தொடக்கம் வட்டக்கச்சி வரையிலான இரும்பு முழுவதும் களைத்துப்போனது. காரணம் நான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இதைப் பதிந்துவைக்க வேண்டியவனும் நானே என்பதால், குற்றவாளியையும் எழுதியவரையும் தேடி இரண்டு வீட்டுக்கு அலையும் தொல்லை வாசிப்பவர்களுக்கு இல்லை. என் பெயர் சிற்றம்பலம். அது அப்பாவைப் பெற்ற என் பேரனாரின் பெயர். அவரைத் தெரிந்த கிழவர்கள் என்னைக் காணும்போதெல்லாம் ஏமாந்துபோவார்கள். தொழில் வெல்டிங். கையெழுத்து அழகென்று செயலாளராக்கினார்கள். என் ஒட்டு வேலை அழகென்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வருடம் சித்திரையில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் மின்சாரம் நின்றது. நின்ற மின்சாரம் திரும்பிவிட்டதா என்று அறிய மற்றவர்கள் மின்குமிழை அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து வெல்டிங்காரர் அப்படிப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் வெல்டிங் கம்பியால் கிட்டடியில் உள்ள இரும்பில் ஒரு கீறு கீறுவோம். பொறி பறந்தால் வந்துவிட்டது, பறக்காவிட்டால் தேத்தண்ணீர் குடிக்கலாம். பதினெட்டாம் திகதி பின்னேரம், நிருஷனின் பழைய மினிபஸ் கழன்ற பம்பரோடு என் பட்டறையில் நின்றது. நிருஷனுக்கு இருபத்திரண்டு வயது. சந்தைக்குப் போகும் கிழவிமாரின் கோழிக்கும் ரிக்கற் எடுக்கச் சொல்லி, அவர்கள் பேசப்பேசச் சிரிப்பவன். நான் பஸ்ஸுக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். கைக்கெட்டிய இரும்பு, பின் அச்சின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்த ஸ்பிறிங் பட்டைகள். அதில் கீறினேன். பொறி பறந்தது. பட்டையில் ஒரு பச்சரிசி அளவுக்கு நீலமாக ஓர் அடையாளம் விழுந்தது. பம்பரை ஒட்டினேன். நிருஷன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பம்பர் இன்றைக்கும் விழவில்லை என்பதையும் இதிலே பதிந்துவைக்கிறேன்.

ஸ்பிறிங் பட்டை சாதாரண இரும்பு அல்ல. காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி பதமாகச் சூடுகாட்டி, வளைந்து வளைந்து நிமிரப் பழக்கிய உருக்கு. அதில் வெல்டிங் பொறி பட்ட இடம் ஒரு கணத்தில் உருகி, அடுத்த கணத்தில் குளிர்ந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கண்ணாடி வளையாது. பட்டை வளையும்போது அந்தப் பச்சரிசிக்குள் மட்டும் ஒரு மயிர்க்கோடு விழும். பிறகு வீதியின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு நுளம்பின் அகலத்துக்கு அது நீளும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. முன்னமே அறிந்திருக்க வேண்டியது.

டீசல் இல்லாத மாதங்கள் வந்தன. வட்டக்கச்சிப் பாதையில் ஓடிய மூன்று பஸ்களில் இரண்டு வரிசையில் நின்றே பழுதாகிவிட, மூன்று பஸ்ஸின் சனத்தை நிருஷனின் பஸ் ஏற்றியது. ஆடி எட்டாம் திகதி காலை, வாய்க்கால் வளைவில், பின் ஸ்பிறிங் ஒரு வெடிச்சத்தத்துடன் இரண்டாக முறிந்தது. சத்தம் கேட்டதும் பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சண்டைக்காலப் பழக்க தோசத்தில் குனிந்து தலையைக் கையால் மூடினார்கள்; அதனால்தான் பலருக்குக் காயமில்லை என்று சொல்கிறார்கள். பஸ் சரிந்து தண்ணீருக்குள் போனது. அறுபத்திரண்டு பேர் நனைந்த உடுப்போடு கரையேறினார்கள். நிருஷன் ஏறவில்லை.

பதினோராம் திகதி செத்தவீடு. வாடகைக்கு எடுத்த அறுபது இரும்புக் கதிரைகள் பந்தலின்கீழ் போட்டிருந்தன. பறை தொடங்கிய நேரம், அறுபது கதிரைகளும் ஒன்றாகக் காலை மடக்கி நிலத்தில் உட்கார்ந்தன. அவற்றில் இருந்தவர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் ஒருவரும் சங்கத் தலைவரும் அதில் அடக்கம், நானும் அடக்கம். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டி, பாயில் இருந்துகொண்டார்கள். வீட்டுப் படலையின் இரும்புச் சட்டம் பக்கத்தில் நின்றவரின் தோளில் மெல்லச் சாய்ந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. பிணம் எடுக்கும்வரை தாங்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமைகளில் எல்லாம் தெளிவாயிற்று. மண்வெட்டியை ஒவ்வொரு வரம்பு முடிவிலும் கொஞ்சம் கிடத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் அது மண்ணுக்குள்ளேயே கிடந்துவிடும். சைக்கிளில் ஏறிப்போனவர்கள் ஏற்றம் வந்தால் இறங்கி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சந்தைத் தராசின் ஸ்பிறிங், ஒரு கத்தரிக்காயைத் தொங்கவிட்டாலும் அடிவரை இறங்கி அங்கேயே நின்றது. ஆகவே காய்கறி கைக்கணக்கில் விலைப்பட்டது, பெரிய கை உள்ளவர்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டார்கள். சிகையலங்கரிப்பவரின் கத்தரிக்கோல் பாதித் தலையில் ஓய்ந்துவிட, மிச்சத்துக்குப் பின்னேரம் வரச்சொன்னார். சந்தியில் இருந்த காவலரணின் தடைக்கம்பு நிமிர மறுத்ததால், இரண்டு சிப்பாய்கள் அதை முறைவைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களும் யாரோ வயற்காரரின் பிள்ளைகள்; கை வலித்திருக்கும். மத்தியான வெயிலில் காதைக் கொடுத்தால், தகரக் கூரையும் தண்ணீர்ப் பம்மும் சன்னல் கம்பியும் மூச்சு வாங்குவது கேட்டது. என் பட்டறைக்கு வேலை பெருகியது. முறிந்ததை ஒட்டுவேன், ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இடம் முறியும்.

சங்கம் கூடித் தீர்மானம் இலக்கம் பதினான்கை நிறைவேற்றியது. வருடத்தில் ஒருநாள் ஆயுத பூசைக்கு இரும்புக்கு ஓய்வு கொடுக்கிறோம். இனிக் கிழமைக்கு ஒருநாள், செவ்வாய்க்கிழமை கொடுப்போம் என்பது தீர்மானம். செவ்வாய்தோறும் சந்தனப் பொட்டு வைத்து, கத்தி முதல் கலப்பை வரை பாயில் கிடத்தினார்கள். புதன்கிழமை அவை அதே களைப்போடு எழும்பின. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொறியியல் விரிவுரையாளரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, கரும்பலகையில் ஒரு கோடு கீறினார். உலோகத்துக்குக் களைப்பு வருவது புதினமில்லை, உலகம் முழுக்க வருவதுதான், ஆனால் மூச்சு வாங்குவதை இங்கேதான் முதலில் கேட்கிறேன் என்றார். ஒரே அடியில் முறிவதைவிட, தாங்கக்கூடிய பாரத்தைத் திரும்பத் திரும்பத் தாங்கியே இரும்பு அதிகம் முறிகிறது. துரு அரித்த குழி, பதம் பிழைத்த உருக்கு, சின்னக் கீறல், ஏதாவது ஓர் இடத்தில் அது தொடங்கும். தொடங்கியபின் ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறும். எவ்வளவு காலம் ஓய்வு கொடுத்தாலும் ஏறிய கணக்கு இறங்காது. மனிசருக்கு நித்திரை உண்டு, இரும்புக்கு அது இல்லை என்றார். பின்வரிசையில் இருந்த இராசமலர் அக்கா, "எந்த மனிசருக்கு நித்திரை இருக்குதாம்?" என்று கேட்டார். விரிவுரையாளர் சிரித்தார். கூட்டத்தில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு கரும்பலகையை அழித்தார். அன்றோடு அந்தத் தீர்மானம் கைவிடப்பட்டது. சனம் இரும்பைத் தாங்கிக்கொண்டு வாழப் பழகியது.

நிருஷனின் தாய் ஜெகதீஸ்வரி இந்தக் கூட்டங்கள் ஒன்றுக்கும் வரவில்லை. படலையும் பம்மும் களைத்தது அவருக்கு ஒரு விசயமாகப்படவில்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்வி: அந்த ஸ்பிறிங் ஏன் முறிந்தது? முறிந்த இரண்டு துண்டையும் ஒரு உரப்பையில் போட்டு, தோளில் சுமந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கப் புறப்பட்டார். கேள்வி கேட்பதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. சண்டை முடிந்த 2009 வைகாசியில் அவருடைய கணவர் பாலத்தடியில் இராணுவத்திடம் பெயரைப் பதிந்துவிட்டு வரிசையில் நின்று ஒரு பஸ்ஸில் ஏறினார். அந்தப் பஸ் எங்கே போனது என்று ஜெகதீஸ்வரி பதின்மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் எழுதி, ஆணைக்குழுக்களில் சாட்சி சொல்லி, பிறகு காணாமல்போனவர்களின் உறவினர் கூடும் வீதியோரப் பந்தலில் கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்து கேட்டார். கடிதங்களுக்குப் பதில் வரும். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று வரும். எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி வைக்கவேண்டும், எந்தக் கந்தோரில் எந்தக் கதிரை நீளநேரம் இருக்க வசதியானது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவருடைய கடிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான். கணவரைப் பற்றிய கடிதங்களையும் நான்தான் எழுதினேன். ஸ்பிறிங்கைப் பற்றியதையும் நான்தான் எழுதினேன். என் அழகான கையெழுத்தில், 'எனது மகனின் மரணத்துக்கு ஏதுவான முறிவின் காரணத்தைக் கண்டறிந்து அறியத்தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்று பதினொரு தடவை எழுதினேன். காரணம் பேனையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். ஒவ்வொரு முறையும் குடித்தேன். சூடாக இருந்தது என்று குறைகூடச் சொல்லியிருக்கிறேன்.

வாகனப் பரிசோதகர் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தார். வீதிக்குப் பொறுப்பானவர்கள் அதிக பாரம் என்றார்கள். அதைக் கேட்டு, அன்று பஸ்ஸில் போன அறுபத்திரண்டு பேரும் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் ஏறியிருக்கக் கூடாது என்று ஜெகதீஸ்வரியிடம் அழுதுவிட்டுப் போனார்கள். ஆனையிறவு உப்புக்காற்றால் துருப்பிடித்தது என்றார்கள் சிலர். பரந்தனில் முன்னர் இருந்த இரசாயனத் தொழிற்சாலையின் காற்று இன்னும் அடங்கவில்லை என்றார்கள் வேறு சிலர். ஐயர் விதி என்றார். நானும் இவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகப் போய், ஜெகதீஸ்வரிக்காகக் கேட்பதுபோல எனக்காகக் கேட்டேன். ஒவ்வொரு பதிலையும் கேட்கும்போது மனம் பஞ்சாகும். வீட்டுக்கு வந்து வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தால் மறுபடி ஈயமாகும்.

இந்தப் பதில்களில் மிகவும் சுகமானதைத் தந்தவர் பழைய இரும்பு வாங்கும் இளையதம்பி. சண்டை முடிந்தபின் எங்கள் காணிகளில் கிடந்த இரும்பை எல்லாம் லொறி லொறியாகத் தெற்குக்கு ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். எரிந்த பஸ்கள், ட்ரக்டர்கள், கவசவாகனத் துண்டுகள், வெடித்தவை, வெடிக்காதவை, ஒரு தையல் மெசின், ஒரு சின்னப்பிள்ளையின் மூன்றுசில்லுச் சைக்கிள். "அது எல்லாத்தையும் ஒண்டா உருக்கித்தான் புது இரும்பு எண்டு எங்களுக்கே திருப்பி அனுப்பினவங்கள்," என்றார் இளையதம்பி. "பிறக்கேக்கயே களைச்ச இரும்பு, சிற்றம்பலம். உந்தப் பொடியன்ர ஸ்பிறிங்கும் சண்டையில செத்ததுதான். நீ ஏன் மண்டையப் போட்டு உடைக்கிறாய்?" நான் அன்றைக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். எங்கள் பகுதியில் எது முறிந்தாலும் சண்டையில் முறிந்தது என்று சொல்லிவிடலாம். அனேகமாக அது சரியாகவும் இருக்கும். அந்தப் பெரிய முறிவுக்குள் ஒரு பச்சரிசியை ஒளித்துவைப்பது லேசான வேலை.

இப்படி மூன்று வருடம் போயிற்று. இந்த வருடம் பங்குனியில், பந்தலில் ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அந்தோனிமுத்து என்பவர் வட்டக்கச்சிக்கு வந்தார். முல்லைத்தீவில் ட்ரக்டர் பூட்டிக் கரைவலை இழுப்பவர், அதன் முறிவுகளைத் தானே திருத்துபவர். தம்பியைத் தேடிப் பந்தலுக்கு வருபவர். ஜெகதீஸ்வரி உரப்பையை அவிழ்த்துக் காட்டினார், நானும் பக்கத்தில் இருந்தேன். அதுவரை எல்லோரும் ஸ்பிறிங்கின் நீளத்தைப் பார்த்திருந்தார்கள். அந்தோனிமுத்து முறிந்த முகத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் காட்டினார். முறிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாக இருந்தது. அதில் வளைவு வளைவாகக் கோடுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. மிச்சக் கால்வாசி சீனிக்கட்டியை உடைத்ததுபோலக் கரடுமுரடாக இருந்தது.

"இது எனக்குத் தெரிஞ்ச சாமான்," என்றார் அந்தோனிமுத்து. "அலை வந்து நிண்டு திரும்பின இடத்தில மணல்ல கோடு விழுமெல்லே? அதுதான் இது. பஸ் ஓடேக்க வெடிப்பு நடக்கும், நிக்கேக்க அதுவும் நிக்கும். நிண்ட இடத்தில ஒரு கோடு. இந்தச் சொரசொரப்பு கடைசி நாள், ஒரே அடியில போனது."

"அப்ப எங்கயிருந்து வெளிக்கிட்டது?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரி.

அந்தோனிமுத்து கோடுகளை விரலால் பின்னோக்கித் தடவிக்கொண்டு போனார். அவை சுருங்கிச் சுருங்கி, பட்டையின் விளிம்பில் நீலமாக இருந்த ஒரு சின்னப் பொட்டில் போய் முடிந்தன. "இஞ்ச. இது துருவில்லை, உப்பில்லை. நெருப்புப் பட்ட இடம். வெல்டிங் நெருப்பு."

"எப்ப பட்டது?"

"கோட்டை எண்ணினா நாள் தெரியும், பிள்ளை. எண்ண மாட்டன். எண்ணிக்கொண்டு போனா அது ஒரு மனிசன்ர வாசல்ல போய் நிக்கும்." இதைச் சொல்லும்போது அவர் ஜெகதீஸ்வரியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வெல்டிங் பொறி சுட்டுத் துளைவிழுந்த என் செருப்பைப் பார்த்தார். பிறகு முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

அடுத்தநாட் காலை ஜெகதீஸ்வரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பன்னிரண்டாவது கடிதம். இந்த முறை அது வேண்டுகோள் அல்ல, முறைப்பாடு என்றார். நெடுங்கேணியில் றஜித் என்று ஒரு வெல்டிங்காரன் இருக்கிறான். ஸ்பிறிங் முறிந்த வருடம் தை மாதம் நிருஷன் அங்கேதான் புகைக்குழாயை ஒட்டுவித்தான். பஸ்ஸுக்குக் கீழே நெருப்போடு போனவன் அவன்தான். அவன் பெயரைப் போட்டுப் பொலிசுக்கு எழுதுங்கள் என்றார். றஜித்தை எனக்குத் தெரியும். முப்பது வயது; ஒரு காலில் பழைய ஷெல் துண்டு இருக்கிறது; இரண்டு பெண்பிள்ளைகள். என்னைச் சந்தித்தால் 'மாஸ்ரர்' என்பான். நானும் அவனுக்கு ஒன்றிரண்டு வேலை பழக்கியிருக்கிறேன், எதையாவது கீறி மின்சாரம் பார்ப்பது உட்பட.

'நெடுங்கேணியைச் சேர்ந்த' என்று எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. பேனையின் ஸ்பிறிங் களைத்துப்போய் முனை உள்ளே இழுத்துக்கொண்டது என்றேன். அது பொய்யில்லை, எங்கள் பக்கத்துப் பேனைகள் அப்படித்தான். ஜெகதீஸ்வரி ஒரு பென்சிலைக் கொண்டுவந்து வைத்தார். விறாந்தையின் இரும்புத் தூண் வழக்கம்போல அவருடைய தோளில் சாய்ந்தது. அவரும் வழக்கம்போல, ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுதுங்கோ அண்ணை."

"எழுதேலாது தங்கச்சி. அது றஜித் இல்லை. நான்."

அவர் தூணை விடவில்லை. அழவும் இல்லை. பல கந்தோர்களில் தன்னிடம் எப்படிக் கேட்டார்களோ, அதே ஒழுங்கில் என்னிடம் கேட்டார். எந்தத் திகதி? சித்திரை பதினெட்டு. எத்தனை மணி? நாலரை இருக்கும். எதுக்குக் கீறினனீங்கள்? கறண்ட் வந்திட்டுதோ எண்டு பார்க்க. நிருஷனுக்குத் தெரியுமோ? தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ, அப்பிடிக் கீறக்கூடாது எண்டு? அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். ஸ்பிறிங்கில நெருப்புப் படக்கூடாது எண்டு எங்களுக்கு வேலை பழகிற முதல் நாளே சொல்லித்தாறவை, தெரியும் என்றேன். அவர் தலையாட்டினார். எழுதிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லாததால், ஒவ்வொரு பதிலுக்கும் விரலை மட்டும் மடித்தார்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அறுபத்திரண்டு பேர் ஏறியதையும், டீசல் இல்லாததையும், உப்புக்காற்றையும், இளையதம்பி சொன்ன சண்டை இரும்பையும் ஒன்றொன்றாக எடுத்து அவருக்கு முன்னால் பரப்பினேன். அந்தப் பொட்டு இல்லாவிட்டாலும் வேறெங்காவது முறிந்திருக்கக்கூடும், ஒருத்தரும் நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றேன்.

"நிப்பாட்டுங்கோ," என்றார் ஜெகதீஸ்வரி. "உந்தக் கதையை நான் பதினாறு வருசமாக் கேக்கிறன். ஒருத்தரும் நிச்சயமாச் சொல்லேலாது, கனக்கக் காரணம் இருக்கு, சண்டை எண்டா அப்பிடித்தான். எனக்கு முன்னால இருந்த ஆக்கள் எல்லாம் பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் அண்ணை. ஒரு ஓம், ஒரு இல்லை, அதை மட்டும் ஒருத்தராலயும் சொல்ல முடியேல்லை. நீங்களும் அவையளைப் போலக் கதைக்காதேங்கோ."

கூரைத் தகரம் ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது. கிணற்றுக் கப்பியும் மூச்சு விட்டது. தூண் அவருடைய தோளில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவர் காலை அகட்டி வைத்துக்கொண்டார்.

"அப்ப நீர் சொல்லும் தங்கச்சி," என்றேன். "நேரா ஒண்டு சொல்லும். பிள்ளை போனது என்னாலயோ?"

அவர் என்னை முகத்துக்கு நேரே பார்த்தார். அந்த மூன்று வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம் அண்ணை," என்றார். "உங்களாலதான்."